தட்டைத் திரை மலிவான கதை

தீபாவளிக்கு முந்திய வாரங்களில் மின்சாதனக் கடைகளில் கூட்டம் சேரும் இடம் ஒன்று உண்டு. சுவர் நிறைய வரிசையாக மாட்டப்பட்டிருக்கும் தட்டைத் திரைத் தொலைக்காட்சிகளின் முன்தான் அந்தக் கூட்டம். எல்லாத் திரைகளிலும் ஒரே படம் ஓடிக்கொண்டிருக்கும். ஆனால், பெரும்பாலான குடும்பங்களின் கண்கள் முதலில் தேடுவது படத்தை அல்ல. ஆகக் குறைந்த விலைச் சீட்டு எந்தத் திரைக்குக் கீழே ஒட்டப்பட்டிருக்கிறது என்பதைத்தான்.

அப்படித் தேடுவதில் குற்றம் ஒன்றுமில்லை. வரவுக்கேற்ற செலவு என்பது வீட்டுக்கு நல்லதுதான். ஆனால், அந்த விலை எப்படி அவ்வளவு தூரம் இறங்கியது, இறங்கிய பகுதியை யார் கொடுத்தார்கள் என்று கடையில் யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்விக்கு விடை 60 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட ஒரு வரலாற்றில் அடங்கியிருக்கிறது.

ஊர் கூடிப் பார்த்த பெட்டி

சிங்கப்பூரில் தொலைக்காட்சி 1963ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் தேதி மாலை தொடங்கியது. விக்டோரியா நினைவு மண்டபத்தில் கூடியிருந்த சுமார் 500 விருந்தினர்கள் முன்னிலையில் அதைத் தொடக்கி வைத்தவர் அப்போதைய கலாசார அமைச்சர் எஸ். ராஜரத்தினம். யாழ்ப்பாணத்தில் பிறந்து சிரம்பானில் வளர்ந்தவர் அவர். மக்களின் சமூக வாழ்விலும் பண்பாட்டு வாழ்விலும் ஒரு புரட்சி அன்று தொடங்கக்கூடும் என்ற கருத்தை அவர் அந்த மேடையில் முன்வைத்தார். அதே ஆண்டு டிசம்பர் 28ஆம் தேதி கோலாலம்பூரில் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் மலேசியத் தொலைக்காட்சியைத் தொடக்கி வைத்தார்.

புரட்சி தொடங்கியது உண்மைதான். ஆனால், அது வீட்டுக்குள் தொடங்கவில்லை. சொந்தமாகப் பெட்டி வாங்க முடிந்த குடும்பங்கள் அப்போது மிகச் சில. சிங்கப்பூரில் சமூக நிலையங்களில் பெட்டி வைக்கப்பட்டது. மாலையானால் பிள்ளைகள் முன்வரிசையில் தரையில் உட்காருவார்கள். பெரியவர்கள் பின்னால் நிற்பார்கள். மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் என நான்கு மொழி நிகழ்ச்சிகளும் அந்த ஒரே பெட்டியில் மாறி மாறி வரும். தமிழ் நிகழ்ச்சி முடிந்தாலும் பலர் எழுந்து போகமாட்டார்கள். மொழி புரியாவிட்டாலும் படம் புரிந்தது.

மலேசியத் தோட்டப்புறங்களில் நிலைமை இன்னும் கடினம். ஒளிபரப்பு முதலில் தலைநகரைச் சுற்றியே கிடைத்தது. பிறகுதான் படிப்படியாக மற்ற ஊர்களுக்குப் பரவியது. பல தோட்டங்களில் லயத்து வீடுகளுக்கு இரவில் சில மணி நேரம் மட்டுமே மின்சாரம். மின்சாரம் வராத இடங்களில் கார் பேட்டரியில் பெட்டியை ஓட்டியவர்களும் உண்டு. பெட்டி இருந்த வீட்டில் தமிழ்ப்படம் போடும் நாளில் செருப்பு வைக்கக்கூட வாசலில் இடம் இருக்காது.

பெட்டி வாங்கியதோடு செலவும் முடியவில்லை. பார்ப்பதற்கு உரிமக் கட்டணம் கட்ட வேண்டும். மலேசியாவில் அது ஆண்டுக்கு 24 ரிங்கிட்டாக நெடுங்காலம் இருந்து பின்னர் கைவிடப்பட்டது. சிங்கப்பூரில் ஆண்டுக்கு 110 வெள்ளியாக இருந்த கட்டணம் 2011ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. தொலைக்காட்சிக்கான விலையைப் பார்ப்பவரே நேரடியாகக் கொடுத்த காலம் அது. என்ன கொடுக்கிறோம் என்பது ரசீதில் எழுதியிருந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கதையின் முடிவில் இது மீண்டும் வரும்.

சிங்கப்பூரில் 1974ஆம் ஆண்டிலும் மலேசியாவில் 1978ஆம் ஆண்டின் இறுதியிலும் வண்ண ஒளிபரப்பு வந்தது. 1980களில் பெட்டி பொது இடத்திலிருந்து வரவேற்பறைக்கு நகர்ந்தது. 1996இல் ஆஸ்ட்ரோவுடன் வானவில் அலைவரிசை வந்தபோதும், 2008 அக்டோபரில் சிங்கப்பூரில் வசந்தம் முழுநேர ஒளிவழியானபோதும் தமிழ்க் குடும்பங்களுக்குத் தொலைக்காட்சி முன் உட்காரக் காரணங்கள் கூடின. ஆனால், பெட்டி மட்டும் அதே கனத்த பெட்டியாகவே இருந்தது. 29 அங்குலப் பெட்டியைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும்.

சுவரில் மாட்டும் கனவு

அந்தக் கனத்துக்குக் காரணம் உள்ளே இருந்த படக்குழாய். பின்னாலிருந்து பாயும் மின்னணுக் கற்றை கண்ணாடித் திரையைத் தாக்கி ஒளி எழுப்பும். கற்றை திரை முழுதும் விரிந்து பாய ஆழம் வேண்டும். திரை பெரிதானால் பெட்டியின் முதுகும் பெரிதாகும்.

குழாய் இல்லாத திரைக்கான வேலை 1960களிலேயே தொடங்கிவிட்டது. 1964ஆம் ஆண்டு அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் பிட்சர், ஜீன் ஸ்லாட்டோ, ராபர்ட் வில்சன் ஆகிய மூவரும் பிளாஸ்மா திரையை உருவாக்கினார்கள். அது தொலைக்காட்சிக்காக அல்ல, கணினிவழிப் பாடம் நடத்துவதற்காக. 1968ஆம் ஆண்டு மே மாதம் ஆர்.சி.ஏ. நிறுவனம் நியூயார்க்கில் திரவப் படிகத் திரையை அறிமுகப்படுத்தியது. ஜார்ஜ் ஹைல்மையர் என்ற பொறியாளரின் குழு அதைச் செய்திருந்தது. சுவரில் படம்போல் மாட்டும் தொலைக்காட்சி விரைவில் வந்துவிடும் என்ற நம்பிக்கை பிறந்தது.

அந்த நம்பிக்கை நிறைவேற 30 ஆண்டுகள் ஆயின. ஆர்.சி.ஏ. அந்தத் தொழில்நுட்பத்தைத் தொலைக்காட்சி வரை கொண்டு செல்லவில்லை. ஜப்பானின் ஷார்ப் நிறுவனம் 1973இல் அதை முதலில் ஒரு கணக்குப் பொறியில் பயன்படுத்தியது. 1988இல் 14 அங்குல வண்ணத் திரையைச் செய்து காட்டியது. 1998இல் அதன் தலைவர் கட்சுஹிகோ மச்சிடா, 2005ஆம் ஆண்டுக்குள் ஜப்பானில் விற்கும் தங்கள் தொலைக்காட்சிகள் அனைத்தையும் திரவப் படிகத் திரைக்கு மாற்றப்போவதாக அறிவித்தார். அப்போது பலருக்கு அது நடக்காத காரியமாகத் தோன்றியது.

ஏன் தோன்றாது? விலை அப்படி இருந்தது. 1997ஆம் ஆண்டு அமெரிக்கக் கடைகளுக்கு வந்த பிலிப்ஸ் 42 அங்குல பிளாஸ்மா தொலைக்காட்சியின் விலை ஏறத்தாழ 15,000 அமெரிக்க டாலர். அடுத்த ஆண்டு மலேசியா நிர்ணயித்த 3.80 ரிங்கிட் மாற்று விகிதத்தில் கணக்கிட்டால் அது 57,000 ரிங்கிட். அதே 1998இல் மலேசியாவில் மலிவு வீட்டுக்கு அரசாங்கம் விதித்திருந்த உச்ச விலை 42,000 ரிங்கிட். அதற்கு முன்பு 25,000 ரிங்கிட்டாக இருந்தது. அதாவது, ஒரு குடும்பம் குடியிருக்கும் வீட்டைவிட அந்த வீட்டுச் சுவரில் மாட்டும் திரைக்கு விலை அதிகம்.

இன்று அதே அளவு திரை 1,000 ரிங்கிட்டுக்குக் குறைவாகவும் கிடைக்கிறது.

தாய்க் கண்ணாடியின் கணக்கு

இந்த வீழ்ச்சிக்கு முதல் காரணம் கண்ணாடி. திரவப் படிகத் திரையை ஒவ்வொன்றாகச் செய்வதில்லை. தாய்க் கண்ணாடி எனப்படும் பெரிய தகட்டின் மேல் நுண்ணிய மின்சுற்றுகளைப் பதித்து, பிறகு தேவையான அளவுக்கு வெட்டுவார்கள். ஒரே மாவுத் தகட்டிலிருந்து எத்தனை பலகாரம் வெட்டலாம் என்பது போன்ற கணக்கு இது. தகடு பெரிதானால் ஒவ்வொரு துண்டுக்கும் ஆகும் செலவு குறையும்.

தொடக்ககாலத் தகடு 30 சென்டிமீட்டருக்கு 40 சென்டிமீட்டர். ஒரு மடிக்கணினித் திரைக்குத்தான் அது காணும். 2004 ஜனவரியில் ஷார்ப் ஜப்பானின் கமேயாமாவில் திறந்த ஆலையில் தகடு 1.5 மீட்டருக்கு 1.8 மீட்டர். ஒரு தகட்டில் 32 அங்குலத் திரை எட்டு கிடைத்தது. 2009இல் சக்காய் நகரில் திறந்த ஆலையில் தகடு ஏறக்குறைய 2.9 மீட்டருக்கு 3.1 மீட்டராக வளர்ந்தது. 40 அங்குல வகைத் திரைகள் 15 கிடைத்தன. கொரியாவும் தைவானும் பிறகு சீனாவும் போட்டி போட்டுக்கொண்டு இத்தகைய ஆலைகளைக் கட்டின. 2007ஆம் ஆண்டின் கடைசிக் காலாண்டில் உலக விற்பனையில் திரவப் படிகத் தொலைக்காட்சி முதன்முறையாகப் படக்குழாய்ப் பெட்டியை முந்தியது.

இரண்டாவது காரணம் அவ்வளவு இனிமையானதல்ல. இத்தனை ஆலைகள் எழுந்ததும் திரைகள் தேவைக்கு மேல் குவிந்தன. விலை விழ விழ நிறுவனங்கள் நடுங்கின. 2001 முதல் 2006 வரை பெரிய திரைத் தயாரிப்பாளர்கள் சிலர் தைவான் ஹோட்டல்களில் ரகசியமாகக் கூடி விலையை விழாமல் பிடித்து வைக்க ஒப்பந்தம் பேசினார்கள். 2008இல் அமெரிக்க நீதித்துறையிடம் எல்.ஜி. டிஸ்பிளே, ஷார்ப், சுங்ஹுவா ஆகிய மூன்று நிறுவனங்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டன. அபராதம் மொத்தம் 585 மில்லியன் டாலர். 2010 டிசம்பரில் ஐரோப்பிய ஆணையம் விதித்த அபராதம் 648 மில்லியன் யூரோவைத் தாண்டியது. சதியைத் தானே முன்வந்து தெரிவித்த சாம்சங் ஐரோப்பிய அபராதத்திலிருந்து விலக்குப் பெற்றது. அந்த ஆண்டுகளில் உலகெங்கும் தட்டைத் திரை வாங்கியவர்கள், சந்தை கேட்ட விலையை மட்டுமா கொடுத்தார்கள் என்ற சந்தேகத்துக்கு அந்த வழக்குகள் இடம் வைத்துவிட்டன.

விலை மலிவுக்கு இந்த வட்டாரமும் ஒரு பங்கு கொடுத்தது. ராஜரத்தினம் வளர்ந்த அதே சிரம்பானை அடுத்து சாம்சங்கின் படக்குழாய் ஆலை இருந்தது. ஷா ஆலாமில் சுங்ஹுவாவின் ஆலை இருந்தது. சிங்கப்பூரில் 1960களிலேயே குவீன்ஸ்டவுன் வட்டாரத்தில் செட்ரான் என்ற உள்நாட்டு நிறுவனம் பெட்டிகளைப் பூட்டி விற்றது. ரப்பர் மரத்தை விட்டு வெளியேறிய தோட்டத்துப் பிள்ளைகள் பலருக்கு மின்னியல் ஆலைகள்தான் முதல் மாதச் சம்பளத்தைக் கொடுத்தன. தட்டைத் திரை வந்ததும் படக்குழாயின் காலம் முடிந்தது. சிரம்பான் ஆலை மின்கலத் தயாரிப்புக்கு மாறியது. சுங்ஹுவா நிறுவனம் 2019இல் தைவானில் திவாலானது.

வென்றவர்களும் தப்பவில்லை. பிளாஸ்மாவில் முன்னணியில் இருந்த பானாசோனிக் 2013 டிசம்பரில் அதன் தயாரிப்பை நிறுத்தியது. திரவப் படிகத்தை உலகுக்குக் கொண்டுவந்த ஷார்ப், 2016இல் தைவானின் ஹொன் ஹாய் குழுமத்தின் கைக்குப் போனது. ஒருகாலத்தில் உலகின் ஆகப் பெரிய தகட்டை வெட்டிய சக்காய் ஆலை 2024இல் தொலைக்காட்சித் திரைத் தயாரிப்பை நிறுத்திவிட்டது. கடைச் சுவரில் தொங்கும் மலிவு விலைச் சீட்டுக்குப் பின்னால் இத்தனை பேருடைய நட்டம் இருக்கிறது.

பெயரில் ஏமாந்த வாங்குவோர்

விலை இறங்கிக்கொண்டிருந்த அந்த ஆண்டுகளில் கடைச் சொற்களும் பலரைக் குழப்பின. 1990களின் பிற்பகுதியில் 'ஃபிளாட்' என்று விற்ற பல பெட்டிகளில் முன்கண்ணாடி மட்டும்தான் தட்டை. பின்னால் அதே படக்குழாய், அதே கனம். பிறகு வந்த மலிவு பிளாஸ்மா திரைகள் பலவற்றில் 480 வரிகள்தாம் இருந்தன. உயர்தெளிவுப் படத்தை அவற்றால் முழுமையாகக் காட்ட இயலாது. 'எச்.டி. ரெடி' என்ற சொல்லைப் பார்த்தவர்கள் முழு உயர்தெளிவு என்றே எண்ணினார்கள். அதற்குக் குறைந்தது 720 வரிகள் இருந்தால் போதும். முழு உயர்தெளிவுக்கு 1,080 வரிகள் வேண்டும். இன்றைய 'எல்.இ.டி. டிவி' என்பதும் பெரும்பாலும் திரவப் படிகத் திரைதான். பின்னால் எரியும் விளக்கு மட்டுமே மாறியிருக்கிறது.

இந்த அறியாமைக்கு 2019இல் பலர் விலை கொடுத்தார்கள். அந்த ஆண்டு ஜனவரி 2ஆம் தேதி சிங்கப்பூரில் பழைய ஒளிபரப்பு முறை நின்றது. அக்டோபர் 31ஆம் தேதியோடு மலேசியாவிலும் அது முற்றாக நின்றது. இரு நாடுகளும் டி.வி.பி.-டி2 என்ற மின்னிலக்க முறைக்கு மாறின. படக்குழாய்ப் பெட்டிகள் மட்டும் இருளவில்லை. பளபளப்பாகச் சுவரில் தொங்கிய பல தட்டைத் திரைகளும் டிகோடர் இல்லாமல் உள்நாட்டு ஒளிவழிகளைக் காட்ட மறுத்தன. அவற்றுக்குள் இருந்தது பழைய முறையை வாங்கும் உறுப்பு மட்டும்தான். வசதி குறைந்த குடும்பங்களுக்கு இரு அரசாங்கங்களும் டிகோடர் கொடுத்து உதவின. ஆனாலும், திரை புதிது என்பதால் உள்ளிருப்பதும் புதிது என்று எண்ணக்கூடாது என்ற பாடம் அப்போதுதான் பலருக்கு உறைத்தது.

பார்ப்பவரைப் பார்க்கும் திரை

இனி, மலிவின் மூன்றாவது காரணம். இதுதான் ஆகப் புதியது, கண்ணுக்குத் தெரியாததும்கூட.

2002ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் வில்லியம் வாங் தொடங்கிய விசியோ நிறுவனம், சொந்தமாக ஆலை இல்லாமல் பிறரிடம் செய்து வாங்கி, மொத்த விலைக் கடைகளில் குறைந்த விலைக்குத் தட்டைத் திரைகளை விற்றுப் பெயர் பெற்றது. 2017 பிப்ரவரியில் அது அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையத்துடன் ஒரு வழக்கைத் தீர்த்துக்கொள்ள 2.2 மில்லியன் டாலர் கட்டியது. குற்றச்சாட்டு இதுதான்: 1 கோடியே 10 லட்சம் தொலைக்காட்சிகளில் வீட்டார் என்ன பார்க்கிறார்கள் என்பதை, அவர்களின் ஒப்புதல் இல்லாமல், திரையே குறித்துக்கொண்டு அனுப்பியது. அந்தத் தகவல் மற்றவர்களுக்கு விற்கப்பட்டது.

அதன்பின் அந்த நிறுவனத்தின் கணக்குப் புத்தகமே ஒரு செய்தி சொன்னது. 2021ஆம் ஆண்டின் மூன்றாம் காலாண்டில் தொலைக்காட்சிகளை விற்றுக் கிடைத்த மொத்த லாபத்தைவிட, விளம்பரம், தகவல் உள்ளிட்ட சேவைகளில் கிடைத்த மொத்த லாபம் அதிகம். 2024 டிசம்பரில் வால்மார்ட் அந்த நிறுவனத்தை 2.3 பில்லியன் டாலருக்கு வாங்கியது. பெட்டியைக் குறைந்த லாபத்துக்கு விற்றாலும் பார்ப்பவரின் கண்ணை வைத்துச் சம்பாதிக்கலாம் என்ற வழி உறுதியாகிவிட்டது.

இது அமெரிக்காவில் நடந்தது என்று ஒதுக்கிவிட முடியாது. இணையத்தோடு இணையும் எந்தத் திரையிலும் இதற்கு வழி உண்டு. புதிய தொலைக்காட்சியை முதன்முதலில் இயக்கும்போது நீண்ட விதிமுறைகள் வரும். பிள்ளைகள் அவசரமாக 'சம்மதம்' என்பதை அழுத்திவிடுவார்கள். உரிமக் கட்டணம் கட்டிய காலத்தில் கொடுத்தது எவ்வளவு என்று ரசீது சொன்னது. இப்போது கொடுப்பதற்கு ரசீதே இல்லை.

வரலாறு தரும் ஆலோசனை

ஆகவே மலிவுத் திரையை வாங்கக்கூடாதா? அப்படிப் பொருள் இல்லை. தட்டைத் திரையின் வரலாற்றில் லாபம் அடைந்தவர்கள் முதலில் ஓடிப்போய் வாங்கியவர்கள் அல்லர், பொறுத்திருந்தவர்கள்தாம். ஒரு வீட்டு விலையில் இருந்த பொருள் சாதாரண உழைப்பாளியின் கைக்கு எட்டியிருப்பது நல்ல காரியமே. ஆனால், ஒவ்வொரு முறை விலை இறங்கியபோதும் ஏதோ ஒன்று குறைக்கப்பட்டது, அல்லது வேறு இடத்துக்கு மாற்றப்பட்டது. எது என்று தெரிந்து வாங்குவதே கெட்டிக்காரத்தனம்.

மலிவுத் திரையில் முதலில் குறைவது பெரும்பாலும் ஒலி. மெல்லிய உடம்பில் நல்ல ஒலிபெருக்கிக்கு இடம் இல்லை. பாட்டும் வசனமும் முக்கியம் என்றால் கடையிலேயே ஒலியைக் கேட்டுப் பார்க்க வேண்டும். அடுத்து, பின்விளக்கு. மலிவுத் திரைகளில் அடிக்கடி பழுதாவது அதுதான். எத்தனை ஆண்டு உத்தரவாதம், பழுது பார்க்கும் இடம் எங்கே என்பதை ரசீதில் எழுதி வாங்க வேண்டும். டி.வி.பி.-டி2 வசதி உள்ளேயே இருக்கிறதா என்று கேட்க வேண்டும். ஆற்றல் சிக்கன முத்திரையில் மலேசியாவில் நட்சத்திரங்களையும் சிங்கப்பூரில் குறிகளையும் எண்ணிப் பார்க்க வேண்டும். வீட்டில் முதல்முறை இயக்கும்போது, பார்ப்பதைப் பதிவு செய்யும் வசதிக்குச் சம்மதம் தராமல் விடலாம். அமைப்புப் பகுதியில் பிறகும் அதை அணைக்கலாம்.

தவணையில் வாங்குவோர் கணக்கைத் தாளில் போட்டுப் பார்ப்பது நல்லது. 1,000 ரிங்கிட் திரையை ஆண்டுக்கு 10 விழுக்காடு நிலையான வட்டியில் மூன்று ஆண்டுகளுக்கு எடுத்தால் கட்டி முடிக்கும்போது 1,300 ரிங்கிட். மூன்றாம் ஆண்டில் பின்விளக்குப் போனால் இருண்ட திரைக்குத் தவணை கட்டிக்கொண்டிருக்க நேரும்.

பழைய பெட்டியைக் குப்பைத் தொட்டியோரம் விட்டுவிடவும் கூடாது. படக்குழாய்க் கண்ணாடியில் ஈயம் உண்டு. சிங்கப்பூரில் 2021 ஜூலை முதல் நடப்பில் உள்ள மின்னியல் கழிவுத் திட்டத்தின்படி, புதியதைக் கொண்டுவந்து கொடுக்கும் கடை கேட்டுக்கொண்டால் பழையதை இலவசமாக எடுத்துச் செல்ல வேண்டும்.

1963இல் ஒரு பெட்டியின் முன் ஊரே உட்கார்ந்தது. இன்று ஒரே வீட்டில் ஆளுக்கொரு திரை இருக்கிறது. வரவேற்பறையில் மாட்டும் பெரிய திரைக்கு இன்னும் ஒரு வேலை மிச்சம் உண்டென்றால், அது குடும்பத்தை ஒரே இடத்தில் உட்கார வைப்பதுதான். அந்த வேலைக்கு ஆக விலை உயர்ந்த திரை தேவையில்லை. வாங்கும் முன் இரண்டு கேள்விகள் கேட்டால் போதும்: இது எத்தனை ஆண்டு உழைக்கும்? மீதி விலையை யாரிடமிருந்து வசூலிக்கப் போகிறது?